கடற்கரை ஊரில் பழைய வரிசை வீட்டைப் பழுதுபார்ப்பது: முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய வீடுகளில் ஒன்று உங்கள் பங்குக்கு வந்திருக்கிறதா? அதை இடிக்காமல், பழைய கட்டுமானம் கெடாமல் சரிசெய்ய நினைக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்கு. உம்மாவின் வீட்டை நான் சரிசெய்து முடித்தேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் சிலருக்கு உடன் நின்று பார்த்தேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: சுவரில் பொரிந்து நிற்கும் பூச்சிலிருந்து வேலையைத் தொடங்குகிறார்கள். பூச்சு கடைசிக்கு முந்தைய வேலை. முதல் வேலை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது.

1. கையில் இருக்க வேண்டியவை

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் எடுத்து வையுங்கள். பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். "பொதுச்சுவர்" என்று இருக்கிறதா, "சுவர் உள்பட" என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சுவரில் நீங்கள் எதைச் செய்யலாம், எதற்கு அடுத்தவர் சம்மதம் வேண்டும் என்பது தெரியும். சில பத்திரங்களில் கிணற்றுக்கும் பின்பக்கச் சந்துக்கும் பொதுப் பாத்தியதை எழுதியிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடு வாரிசுகள் பலருக்குச் சேர்ந்தது என்றால், ஒவ்வொருவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் பவர் பத்திரம் வாங்க மாதங்கள் ஆகும். கூரையைப் பிரித்த பிறகு ஒரு பங்குதாரர் "நிறுத்து" என்றால், அந்த வருட மழை முழுவதும் வீட்டுக்குள் இறங்கும்.

அடுத்தது சுண்ணாம்பு. அதை இங்கேயே சொல்லக் காரணம், அதற்குத்தான் அதிக நாள் வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது சில வாரங்களாவது தண்ணீருக்கடியில் ஊற வேண்டும்; 2, 3 மாதம் ஊறினால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு வேலை நடக்காது. ஒரு கொட்டகைக்கடியில் தொட்டி கட்டி அப்போது ஊறப்போடுங்கள். தை, மாசியில் வெண்ணெய் மாதிரி தயாராக இருக்கும். நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டியருகே விடாதீர்கள்.

2. பக்கத்து வீட்டில் பேசுங்கள்

வரிசை வீடு தனியாக நிற்பதில்லை. உங்கள் உத்திரத்தின் ஒரு முனையும் அடுத்த வீட்டு உத்திரத்தின் ஒரு முனையும் ஒரே சுவருக்குள் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு வீட்டை இடித்தால், இரண்டு பக்கமும் வெளிச்சுவராக இருக்கக் கட்டாத சுவர்கள் திடீரென்று மழைக்கும் காற்றுக்கும் முகம் காட்டி நிற்கும். இந்த வேலையின் ஒழுங்கு முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது: சுவரில் பாதி அடுத்தவருடையது, அதில் ஏறும் ஈரத்திலும் உப்பிலும்கூட பாதி அவருடையது.

இதை நான் கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தவர் பக்கத்து வீட்டு லாத்தா (அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்). முதல் தடவை, பொதுச்சுவரின் எங்கள் பக்கத்தில் 4 அடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் லாத்தா கூப்பிட்டு அவர் வீட்டு உள்ளறையைக் காட்டினார். அதுவரை காய்ந்து கிடந்த அவர் பக்கச் சுவரில், இடுப்புக்கு மேலே பூச்சு பொரிந்து, பீரோவின் பின்பக்கம் வெள்ளைப் பொடி கொட்டிக் கிடந்தது. "தம்பி, உங்க பக்கம் அடைச்ச தண்ணி என் பக்கமா வருது போல" என்றார். அவர் சொன்னது சரி. என் பக்கம் வெளியேற வழியில்லாத ஈரம் அவர் பக்கம் வழி தேடியிருக்கிறது. எங்கள் பக்கத்திலும் சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே, 6 அடி வரை ஏறியிருந்தது.

ஆகவே இரு பக்க வீட்டாரிடமும் மூன்று விஷயம் பேசுங்கள். அவர்கள் பக்கச் சுவரைப் பார்த்துப் படம் எடுக்க அனுமதி. வேலை நடக்கும் நாட்கள். பொதுச்சுவரில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. பேசியதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்; தெரு ஜமாத்தில் பெரியவர் ஒருவர் சாட்சியாக இருந்தால் பின்னால் மனக்கசப்பு வராது. ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை அன்றைய தேதியோடு படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு விரிசலைக் காட்டி "உங்கள் வேலையால் வந்தது" என்ற பேச்சு வந்தால், இந்தப் படம்தான் பதில்.

3. அளந்து வரையுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் வீட்டை வரைந்துவிடுங்கள். திண்ணை, நடை, முற்றம், பத்தி (முற்றத்தையொட்டிய தாழ்வாரம்), அறைகள், அடுப்படி, கொல்லை என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். கதவு, ஜன்னல், தூண், உத்திரம் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணையொட்டி ஒரு துணை எண். பிறகு கழற்றும்போது அதே எண்ணைச் சாக்பீஸால் மரத்தில் எழுதலாம், மாறிப் பொருத்தும் தவறு வராது.

பழைய வீட்டில் அறைகள் சரியான மூலைமட்டத்தில் இருக்காது. நீள அகலம் மட்டும் அளந்தால் வரைபடத்தில் கோடுகள் ஒன்று சேராது. ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். சுவர் கனத்தை வாசல் நிலை இருக்கும் இடத்தில் அளப்பது சுலபம். பொதுச்சுவரின் கனத்தை மட்டும் ஒரு பக்கத்திலிருந்து அளக்க முடியாது. மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் மேலிருந்து இரு பக்கமும் குண்டுநூல் விட்டுப் பாருங்கள். சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

படம் எடுக்கும்போது அளவுநாடாவை விரித்து வைத்தே எடுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், அப்போது கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவராமல் மேலே போகாதீர்கள். உடையாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் அது பழைய, நின்றுபோன விரிசல்.

4. எந்தச் சட்டம் உங்கள் வீட்டைத் தொடும்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் தனியார் வரிசை வீடுகள் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லை என்பதால் எந்தக் கேள்வியும் வராது என்று நினைப்பதுதான் தவறு.

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் பக்கத்தில் இருந்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் வரும். சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைப்பகுதியிலும் பழைய வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம், ஆனால் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தில் வரும். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அப்படி ஒன்று. அதன் அருகே வீடு இருந்தால் அந்தத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. பூச்சு, கூரைப் பழுது வேறு. இடித்துக் கட்டுவது, மாடி ஏற்றுவது, வீட்டை விடுதியாக மாற்றுவது வேறு. இரண்டாவது வகை எதுவாக இருந்தாலும் நகராட்சி அல்லது பேரூராட்சியில் முதலில் கேளுங்கள்.

அடுத்து சொல்வது பலருக்குத் தெரியாது. 100 வருடத்துக்கு மேற்பட்ட வீட்டிலிருந்து கழற்றிய செதுக்கு வேலைப்பாட்டு நிலை, கதவு போன்றவை 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகக் கருதப்படலாம். அதை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தனியாருக்கு உரிமை இல்லை. அங்கே இருக்கும் மகன் வீட்டுக்கு நிலைக்கதவை அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

5. தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

பூச்சைத் தொடுவதற்கு முன் ஈரத்தின் மூலத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே அது நான்கு வழியில் வரும்: கூரை ஒழுகல், தரையிலிருந்து ஏறும் ஈரம், தெருவிலிருந்து உள்ளே வரும் மழைநீர், நாமே கொண்டுவந்த குழாயும் குளியலறையும்.

தெருவைக் கவனியுங்கள். சாலையை மேல் மேலாகப் போட்டுக்கொண்டே வந்ததில் பல தெருக்களில் திண்ணை, சாலை மட்டத்துக்கு இறங்கிவிட்டது. முன்பு வீட்டிலிருந்து தெருவுக்கு வாட்டமாக ஓடிய தண்ணீர் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு ஓடுகிறது. வாறுகாலை, அதாவது தெருவோரச் சாக்கடையை, சுத்தம் செய்து, வாசலில் ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டாமல் உள்ளே என்ன பூசினாலும் வீண். முற்றத்து நீர் வெளியேறும் பழைய தூம்பு கட்டிட இடிபாட்டில் புதைந்து கிடக்கும். எங்கள் வீட்டில் அதைத் தோண்டி எடுத்ததும் பத்தித் தரையின் ஈரம் பாதியாகக் குறைந்தது.

சுவரில் உப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 1, 3, 5, 7 அடி உயரங்களில் பூச்சைச் சுரண்டிப் பொடியெடுங்கள். ஒவ்வொன்றிலும் 10 கிராமை 200 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, தண்ணீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டரை விடுங்கள். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உயரத்துக்கு உயரம் ஒப்பிடுங்கள். எந்த உயரத்தில் எண் எகிறுகிறதோ அங்கேதான் ஈரம் காற்றில் ஆவியாகி உப்பை விட்டுப்போகிறது. கூரை அருகே எகிறினால் ஒழுகல், நடுவில் எகிறினால் தரை ஈரம்.

6. கூரை

எல்லாவற்றுக்கும் முன் கூரை, ஏனென்றால் அது நனைந்தால் கீழே செய்த எல்லா வேலையும் நனையும்.

இந்த வீடுகளின் மாடி பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் ஒட்டுக்கல் என்ற மெல்லிய சிறு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் பாவியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த காங்கிரீட். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு.

ஒழுகினால் உடனே மேலே சிமெண்ட் கலவை ஒரு அடுக்கு போடுவதுதான் வழக்கமான தவறு. கனம் கூடும்; வெயிலில் அந்த அடுக்கு தனியாக விரிந்து வெடிக்கும்; வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேற முடியாமல் கட்டையின் மேல் நிற்கும். ஏற்கெனவே அப்படி இரண்டு மூன்று அடுக்கு இருந்தால், உளியால் மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். இடிக்கும் மெஷின் வேண்டாம், அதிர்வில் ஒட்டுக்கல் பொலபொலவென்று கீழே வந்துவிடும். வேலை நடக்கும்போது கீழே முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

பழைய சுண்ணாம்புக் காங்கிரீட் திடமாக இருந்தால் அதை விட்டுவிட்டுத் தட்டோட்டை மட்டும் மாற்றுங்கள். கெட்டுப்போன பகுதியில் 4 அங்குலம் போட்டு, மரக்கட்டையால் அடித்து 3 அங்குலமாக இறுக்க வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். அடிப்பது ஒருநாள் வேலை இல்லை. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்துத் தெளித்து ஒரு வாரமாவது அடிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது? கட்டை அடித்த இடத்தில் தடம் பதியாமல் துள்ளி எழும்பும்போது. மேஸ்திரி "போதும்" என்று சொன்னாலும் நீங்களே ஒருமுறை அடித்துப் பாருங்கள், கையில் அந்தத் துள்ளல் தெரியும். அப்புறம் 10 நாளாவது ஈரச்சாக்குப் போட்டுவையுங்கள்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. வாடை மழை முடிந்திருக்கும். ஆனியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் மணலை அள்ளி ஈரப்பூச்சின் மேல் போடும், சாந்து இறுகுமுன் காய்ந்தும் போகும்.

7. சுவர்

கரணையின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். எங்களுக்கு வேலை செய்த மேஸ்திரி அரை நாள் அதை மட்டுமே செய்தார். "டொக்" என்று கெட்டியாக வந்த இடத்தைத் தாண்டினார், "டொப்" என்று பொள்ளலாக வந்த இடத்தில் கரித்துண்டால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். கெட்டியாக நிற்கும் பழைய பூச்சை "ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று கொத்தி எடுக்காதீர்கள். அதைப் போல ஒன்றைத் திரும்பப் போடுவது சுலபம் இல்லை.

பூச்சை எடுத்ததும் உள்ளே பவளக்கல் தெரியும். முருகைக்கல் என்றும் சொல்வார்கள். நுண்ணிய துளைகள், சில கற்களில் பூப்போல வரிகள். ஒரு சொட்டு நீர் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிடும். அந்தத் துளைகளுக்குள்தான் உப்பு இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு மேல் போனால் சாதாரண உப்பு நீரை இழுத்துக் கரைகிறது, கீழே இறங்கினால் படிகமாகிறது. கடற்கரையில் இது மறுபடி மறுபடி நடக்கும். படிகம் வளரும்போது துளையின் சுவரை உடைக்கும், பூச்சைத் தள்ளும். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. உப்பு அதற்குப் பின்னால், கல்லிலேயே படிகமாகும். சுண்ணாம்புப் பூச்சு துளையுள்ளது, உப்பை முகப்புக்கு விடும். பூச்சு கெட்டுக் கல் தப்பிக்கும்.

எனவே முதலில் உப்பை எடுக்க வேண்டும். வெள்ளைப் பொடியை உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் பிடியுங்கள். கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பிறகு காகிதக்கூழும் வெள்ளைக் களிமண்ணும் நல்ல தண்ணீரில் பிசைந்து முக்கால் அங்குலக் கனத்தில் அப்புங்கள். காய்ந்து தானாக விலகும்போது எடுத்து வீட்டுக்கு வெளியே போடுங்கள். இரண்டு மூன்று முறை செய்து, மீட்டரில் எண் இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு தியாகப் பூச்சு: மலிவான, மெலிந்த சுண்ணாம்புப் பூச்சு. ஒரு வருடம் உப்பை உறிஞ்சட்டும், பிறகு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு நிரந்தரப் பூச்சுக்குப் போங்கள். அவசரப்பட்டு இந்த வருடத்தைத் தாண்டிய எவர் வீட்டிலும் பூச்சு நிலைத்து நான் பார்க்கவில்லை.

நிரந்தரப் பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, மணல் 3. ஈரம் அதிகமான அடிச்சுவரில் சுண்ணாம்பு 1, செங்கல் பொடி 1, மணல் 2. ஒவ்வொரு அடுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், முந்தைய அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. கடைசி மெழுகலுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. கடல் மணலும் உப்பு போர்த் தண்ணீரும் பக்கத்தில் வரக்கூடாது. சாந்து கலக்கவும் ஈரம் காக்கவும் குடிதண்ணீரே வேண்டும். செலவு பார்த்துப் போர்த் தண்ணீர் ஊற்றினால், எடுத்த உப்பை நாமே திரும்ப ஏற்றுகிறோம்.

உடைந்த பவளக்கல்லுக்கு மாற்று தேடும்போது கவனம். பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடலிலிருந்து எடுப்பது குற்றம். அப்படி எடுத்ததால் மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. உங்கள் வீட்டிலேயே விழுந்த கல்லைக் கழுவிக் காயவைத்து அதே வீட்டில் வையுங்கள். எந்தச் சுவரிலிருந்து எடுத்தது என்று படமும் இருக்கட்டும். வேறு வீட்டு இடிபாட்டுக் கல்லை ஏற்றிவர வேண்டுமென்றால் வனத்துறையிடம் எழுத்தில் கேட்ட பிறகுதான். இல்லாவிட்டால் நன்றாகச் சுட்ட செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் வையுங்கள், அதுவே போதும்.

8. மரம்

கட்டையின் நடுப்பகுதி பார்க்க நன்றாக இருக்கும். கெடுவது சுவருக்குள் நுழையும் முனை. ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு முனையையும் குத்திப் பாருங்கள்; அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மக்கியிருக்கிறது, அல்லது கறையான் தின்றிருக்கிறது.

முழுக்கட்டையையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட முனையை வெட்டி, பழைய தேக்கிலேயே துண்டு சேர்க்கலாம். காரைக்குடிப் பழைய மரக்கடைகளில் தேக்கு கிடைக்கும். போல்ட்டுக்குச் சாதாரண இரும்பு வேண்டாம், துருப்பிடித்து ஊதி மரத்தைப் பிளக்கும். 316 ரக எவர்சில்வர் வாங்குங்கள். 304 ரகம் கடல்காற்றில் புள்ளி விழும். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான், இரு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகுதான். திரும்பச் சுவரில் வைக்கும்போது முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றுக்கு இடம் விடுங்கள், சாந்தால் இறுக்கி மூடாதீர்கள். அந்தத் துளையின் மறுபக்கம் அடுத்த வீட்டுக் கட்டை இருக்கும் என்பதை நினைவில் வைத்து, அந்தப் பக்கமும் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.

மரக்கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் தளம் போடச் சொல்பவர்கள் வருவார்கள். பொதுச்சுவருக்கு அந்தக் கனத்தைத் தாங்கும் அஸ்திவாரம் இல்லை. கம்பியும் இந்தக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

9. மின்சாரம், குளியலறை, வர்ணம்

வயருக்காகப் பவளக்கல் சுவரில் மெஷின் வைத்துக் காடி வெட்டாதீர்கள், வெளியே பைப்பில் ஓட்டுங்கள். மாடியில் குளியலறை வேண்டுமென்றால் பொதுச்சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம். ஏ.சி. சொட்டு நீரைக் குழாய் வைத்து வாறுகாலுக்கே கொண்டுபோங்கள். வர்ணத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான், நீர்க்கக் கரைத்து நான்கைந்து கை. எமல்ஷன் பெயிண்ட் ஈரத்தைப் பூட்டிவிடும், இவ்வளவும் செய்தது அதோடு போய்விடும்.

10. ஒவ்வொரு புரட்டாசியிலும்

மழைக்கு முன் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். மாடித் தட்டோட்டு இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். வெறுமனே கிள்ளினால் வேர் சுவருக்குள் தடிக்கும். தூம்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். கண்ணாடித் துண்டுகள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 1, 3, 5, 7 அடியில் அதே மீட்டர் அளவை எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

பக்கத்து வீட்டிலும் அதே அளவை எடுத்துக்கொடுங்கள். லாத்தா வீட்டு உள்ளறையில் 5 அடி உயரத்து எண் மூன்று வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பீரோவை மட்டும் அவர் இன்னும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்திருக்கிறார். நான்தான் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன், அந்த இடத்தில் காற்று ஓட வேண்டும்.